செய்ன் நதியின் இடக்கரை

கல்வி பெருகிய நகரங்கள் பலவும் ஆற்றங்கரை நகரங்களாகவே இருந்திருக்கின்றன. தைகிரீஸ் நதிக்கரையில் பக்தாதும், குவாதல்கிவீர் நதிக்கரையில் கொர்தோபாவும் அறிவுலகின் தலைநகரங்களாக விளங்கிய காலம் ஒன்று உண்டு. அவ்வரிசையில் வைத்து எண்ணத்தக்கது பாரிசு மாநகரின் இடக்கரை. எண்ணூறு ஆண்டுகளுக்கும் மேலாக மாணவர், ஆசிரியர், ஓவியர், எழுத்தாளர் எனப் பலரும் நாடி வந்த இடம் அது. அவ்வட்டாரம் அப்பெயரை எவ்வாறு பெற்றது, எதனால் இத்தனை காலம் காத்துக்கொண்டது, இன்று எதனால் இழந்து வருகிறது என்பனவற்றை எண்ணிப் பார்ப்பது, கல்விக்கூடத்தோடு வாழ்வைப் பிணைத்துக்கொண்ட நமக்குப் பயன் தரும் என்று கருதியே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

செய்ன் நதி பாரிசு நகரைக் கிழக்கிலிருந்து மேற்காக ஊடறுத்துச் செல்கிறது. நீரோடும் திசையை நோக்கி நின்றால் இடப்புறம் அமைவது தென்கரை. ஆதலால் தென்கரைக்கு இடக்கரை என்றும் வடகரைக்கு வலக்கரை என்றும் பெயர் வழங்கலாயிற்று. வலக்கரையில் அரண்மனையும் அங்காடியும் வங்கியும் வளர்ந்தன. ஆற்றின் நடுவே உள்ள தீவில் நோத்ர தாம் தேவாலயமும் நீதிமன்றமும் எழுந்தன. இடக்கரையில் பல்கலைக்கழகம் வளர்ந்தது. வலக்கரை செலவழிக்கும், இடக்கரை சிந்திக்கும் என்று அந்நகர மக்கள் வேடிக்கையாகச் சொல்வதும் உண்டு.

எனக்கும் அக்கரைக்கும் தொடர்பு ஏற்பட்டது என் ஊரால். எங்கள் ஊர் காரைக்கால். 1954 நவம்பர் முதல் நாள் பிரெஞ்சு ஆட்சி எங்கள் ஊரை விட்டு நீங்கியது. 1962இல் அம்மாற்றம் சட்டப்படி முழுமை பெற்றது. ஆட்சி நீங்கியதே அன்றி உறவு நீங்கவில்லை. எங்கள் ஊர்க் குடும்பங்கள் பலவற்றில் பிரான்சுக்குச் சென்று குடியேறியவர் ஒருவரேனும் இருப்பார். எங்கள் குடும்பத்தில் அவ்வாறு சென்றவர் என் உம்மாவின் தமையனார். மாமா இளமையில் கப்பலேறியவர். இடக்கரையில் சேன் மிஷேல் சதுக்கத்தை அடுத்த குறுகிய தெரு ஒன்றில், ஓர் உணவு விடுதியின் சமையற்கட்டில் முப்பது ஆண்டுகள் உழைத்தவர். சில ஆண்டுகளுக்கு முன் கோடை விடுமுறையில் மூன்று வாரங்கள் அவர் இல்லத்தில் தங்கும் வாய்ப்புக் கிட்டியது. நாள்தோறும் காலையில் தொடர்வண்டி ஏறி இடக்கரையில் இறங்குவேன். கால் ஓயும் வரை நடப்பேன். நூல்களில் படித்தறிந்தவற்றை அந்தத் தெருக்களோடு பொருத்திப் பார்த்தபோது எனக்குத் தெளிவான சில உண்மைகளையே இங்கு எழுதுகிறேன்.

முதல் உண்மை, இடக்கரையின் பெருமை ஏழை மாணவர்களிடமிருந்து தொடங்கியது என்பதாகும். பன்னிரண்டாம் நூற்றாண்டில் பீட்டர் அபேலார் என்னும் ஆசிரியர் தீவிலிருந்த தேவாலயப் பள்ளியோடு முரண்பட்டு, ஆற்றைக் கடந்து சேன்த் ஜெனவியேவ் குன்றின்மேல் பாடம் சொல்லத் தொடங்கினார். அக்குன்று பேராயரின் அதிகாரத்துக்கு அப்பால் இருந்தது. ஆசிரியரைத் தேடி மாணவர் வந்தனர். மாணவரைத் தேடி மேலும் ஆசிரியர் வந்தனர். பல நாட்டினரும் பேசிக்கொள்ள இலத்தீன் ஒன்றே பொதுமொழியாக இருந்தமையால் அவ்விடம் இலத்தீன் வட்டாரம் எனப்பட்டது. 1200இல் மன்னர் இரண்டாம் பிலிப் பாரிசின் ஆசிரியர் மாணவர் கூட்டத்துக்குச் சிறப்புரிமைகளை வழங்கினார்.

வந்த மாணவர் எல்லாரும் செல்வர் வீட்டுப் பிள்ளைகள் அல்லர். அவர்களுக்குத் தலைசாய்க்க இடமும் உண்ண உணவும் தேவைப்பட்டன. கல்லூரி என நாம் இன்று வழங்கும் நிறுவனம் அங்கு முதலில் தோன்றியது ஏழை மாணவர் விடுதியாகத்தான். 1180இல் ஜெருசலம் சென்று திரும்பிய ஜோஸ் என்னும் லண்டன் நகரத்தார், பாரிசு மருத்துவ இல்லம் ஒன்றில் 18 ஏழை மாணவர் தங்குவதற்குக் கொடை அளித்தார். பதினெண்மர் கல்லூரி என்பதே அதன் பெயர். 1257இல் ரோபேர் த சோர்போன் என்பவர் வறிய இறையியல் மாணவர்க்கென ஓர் இல்லம் நிறுவினார். அவரே எளிய குடியில் பிறந்தவர். பின்னர் அரசர் ஒன்பதாம் லூயியின் அவையில் இடம்பெற்ற சமய குரு. அவ்வில்லமே நாளடைவில் உலகப் புகழ் பெற்ற சோர்போன் ஆயிற்று. அப்பெயரைக் கேட்கும்போதெல்லாம் பளிங்குத் தூண்களும் பட்டமளிப்பு அங்கிகளும் நம் நினைவுக்கு வருகின்றன. அதன் அடித்தளம் ஓர் ஏழை விடுதி என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

பொருளைக் கட்டி வைத்து அதன் வருவாயில் மாணவரைத் தங்கவைத்துப் படிக்கச் செய்யும் இம்முறை, வக்ஃபு என்னும் அறக்கொடையால் இயங்கிய மதரசாக்களை நமக்கு நினைவூட்டுவது இயல்பே. ஜார்ஜ் மக்தீசி என்னும் ஆய்வாளர் 1981இல் வெளியிட்ட நூலில் இவ்விரண்டுக்கும் உள்ள ஒப்புமையை விரிவாக ஆராய்ந்துள்ளார். ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்ததா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆயினும் இரண்டிலும் தொழிற்பட்ட எண்ணம் ஒன்றே. படிக்கும் பிள்ளைக்கு முதலில் கூரையும் சோறும் வேண்டும் என்பதை இரு நாகரிகத்தாரும் உணர்ந்திருந்தனர்.

இரண்டாம் உண்மை, இடக்கரை தன் அறிவை வெளியிலிருந்து வந்தவர்களிடமும் வந்தவற்றிடமும் பெற்றது என்பதாகும். நோத்ர தாமுக்கு எதிர்க்கரையில் வைக்கோல் தெரு எனப் பொருள்படும் ஃபுவார் தெரு என்றொரு சிறு தெரு இருக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டு மாணவர்கள் அங்கே வைக்கோலைப் பரப்பி அதன்மேல் அமர்ந்து பாடம் கேட்டனர். அதனால் தெருவுக்கு அப்பெயர். தாந்தே தம் பெருங்காப்பியத்தில் நினைவுகூரும் தெரு அது. அங்கே பாடம் சொன்ன பிரபாந்து நாட்டு சீஜர் போன்ற ஆசிரியர்களின் கையில் இருந்த நூல்களுள் தலையாயவை, கொர்தோபாவில் 1126இல் பிறந்த இப்னு ருஷ்து அரிஸ்டாட்டிலுக்கு எழுதிய உரைகள். இப்னு ருஷ்து மறைந்தது 1198இல். அதற்குப்பின் அரை நூற்றாண்டுக்குள் அவருடைய உரைகள் அரபு மொழியிலிருந்து இலத்தீனுக்கு மாறி, செய்ன் நதிக்கரைக்கு வந்துவிட்டன. அவரோடு கடுமையாக வாதிட்ட தாமஸ் அக்வினாஸ்கூட அவரைப் பல இடங்களில் பெயர் சொல்லாமல் ‘உரையாசிரியர்’ என்றே சுட்டினார். நம் மரபில் இளம்பூரணரைப் பெயர் சுட்டாமல் உரையாசிரியர் என்று மட்டும் வழங்குவதைத் தமிழ் மாணவர் இங்கு ஒப்பு நோக்கலாம்.

புதிய கருத்து வந்தால் அச்சமும் உடன் வரும். பாரிசுப் பேராயர் எத்தியேன் தம்பியே 1270இல் 13 கருத்துகளையும், 1277இல் 219 கருத்துகளையும் கற்பிக்கத் தகாதவை எனத் தடை செய்தார். அவற்றுள் பல இப்னு ருஷ்துவின் உரைகளை ஒட்டி எழுந்தவை. தடை விதித்தும் வாதம் நிற்கவில்லை. ஒரு கருத்தைத் தடை செய்ய வேண்டுமாயின் அதனை முதலில் எண்ணிட்டு எழுத வேண்டியிருக்கிறது. எழுதியதைப் படிக்க மாணவர் இருக்கவே செய்வர்.

கல்விச் சமூகம் தன் மதிப்பைக் காத்துக்கொண்ட விதமும் கருதத்தக்கது. 1229இல் மதுக்கடை ஒன்றில் தொடங்கிய பூசலின் முடிவில் காவலர் கையால் மாணவர் சிலர் உயிரிழந்தனர். ஆசிரியர்கள் வகுப்புகளை நிறுத்தினர். பலர் நகரை விட்டே வெளியேறினர். ஏறத்தாழ இரண்டாண்டுகள் பாரிசில் பாடம் நடைபெறவில்லை. 1231இல் போப் ஒன்பதாம் கிரெகோரி அளித்த ஆணையால் பல்கலைக்கழகத்தின் உரிமைகள் உறுதி பெற்ற பின்னரே ஆசிரியர் திரும்பினர். மாணவர் கூட்டம் இல்லாத நகரம் எப்படி இருக்கும் என்பதைப் பாரிசு அன்றே கண்டுகொண்டது எனலாம்.

இடக்கரையின் மற்றோர் அடையாளம் காபிக் கடைகள். இதிலும் வெளியிலிருந்து வந்ததன் பங்கு உண்டு. ஏமன் நாட்டுச் சூஃபிகள் இரவு வணக்கத்தில் விழித்திருப்பதற்காக அருந்திய பானம், உதுமானியப் பேரரசின் நகரங்கள் வழியே மேற்கு நோக்கிப் பயணப்பட்டது. 1669இல் சுல்தானின் தூதராகப் பாரிசுக்கு வந்த சுலைமான் ஆகா தம்மைக் காண வந்தோர்க்கெல்லாம் காபி அளித்து உபசரித்ததால், பிரெஞ்சு உயர்குடியினரிடையே அது பரவியது. 1686இல் சிசிலித் தீவினரான புரோகோப்பியோ இடக்கரையில் திறந்த கடை இன்றும் புரோகோப் என்னும் பெயரில் உணவகமாக நடைபெறுகிறது. வோல்தேரும் அவர் காலத்து அறிஞர்களும் கூடிய இடம் அது. ஒரு கோப்பை காபிக்குக் காசு கொடுத்தவர், நெடுநேரம் அமர்ந்து பேசலாம், எழுதலாம். இரண்டாம் உலகப் போர்க்காலக் குளிரில் சார்த்ரும் சிமோன் த பொவாவும் சேன் ஜெர்மேன் பகுதியிலுள்ள கஃபே த ஃப்ளோரில் அமர்ந்து எழுதியமைக்கு அங்கிருந்த கணப்படுப்பும் ஒரு காரணம். அறையில் நெருப்பில்லாதவன் கடைக்கு வந்து எழுதினான். பெரிய தத்துவங்களுக்குப் பின்னால் இத்தகைய சிறிய வசதிகளும் இருந்திருக்கின்றன.

ஓவியர்க்கும் இக்கரை தாயகமாயிற்று. நுண்கலைப் பள்ளி இங்கே அமைந்தது. 1832இல் மொரோக்கோ சென்று அந்நாட்டு ஒளியையும் வண்ணத்தையும் தம் ஓவியங்களில் கொண்டுவந்த தெலக்ருவா தம் இறுதி நாள்களைக் கழித்த வீடு சேன் ஜெர்மேன் தேவாலயத்தின் பின்புறம் இருக்கிறது. ஸ்பெயினிலிருந்து வந்த பிகாசோ, குண்டுவீச்சால் அழிந்த கெர்னிகா நகருக்காக 1937இல் பேரோவியம் தீட்டியது, நதிக்கு மிக அண்மையில் உள்ள கிராந்சோகுஸ்தேன் தெருவின் மேல்மாடி ஒன்றில்.

இங்கு வந்து சிறந்தவர்களின் பட்டியலைப் பார்க்குந்தோறும், அவர்களுள் எத்தனை பேர் அயலார் என்பது வியப்பூட்டுகிறது. தம் நாட்டில் பெண்களுக்குப் பல்கலைக்கழகக் கதவு மூடியிருந்த காலத்தில் 1891இல் போலந்திலிருந்து வந்த மரி கியூரி, இலத்தீன் வட்டாரத்தில் மாடிக்கூரையின் கீழிருந்த குளிர்ந்த அறையில் தங்கிப் படித்தார். 1906இல் சோர்போனில் பாடம் சொன்ன முதல் பெண்மணி ஆனார். எகிப்தின் கண்பார்வையற்ற அறிஞர் தாஹா ஹுசைன் முதல் உலகப் போர்க்காலத்தில் இங்கு பயின்று, இப்னு கல்தூனைப் பற்றிய ஆய்வேட்டைச் சோர்போனில் அளித்தார். செனகல் நாட்டு செங்கோரும் மார்த்தினீக் தீவின் செசேரும் 1931இல் இங்குள்ள லூயி பேரரசர் பள்ளியில் சந்தித்துக்கொண்டனர். கறுப்பின மக்களின் தன்மதிப்பை இலக்கியமாக்கிய இயக்கம் அந்த நட்பிலிருந்து வளர்ந்தது. 1956இல் கறுப்பின எழுத்தாளர் கலைஞர்களின் முதல் மாநாடு சோர்போனில் கூடியது. அமெரிக்காவின் நிறவெறிக்கு அகன்று 1948இல் நாற்பது டாலரோடு வந்திறங்கிய ஜேம்ஸ் பால்டுவின் தம் முதல் நாவலின் பகுதிகளை எழுதியதும் ஃப்ளோர் கடையின் மாடியில்தான்.

இவ்வரிசையில் நம் கவனத்துக்குரிய பெருமக்கள் இருவர். ஒருவர் ஜூலியன் வின்சன். பாரிசில் 1843இல் பிறந்த அவர், இளமையில் எங்கள் காரைக்காலில் வாழ்ந்து தமிழ் பயின்றவர். பிரான்சு திரும்பிக் காட்டிலாகா அலுவலராகப் பணியாற்றியபோது பாஸ்க் மொழியையும் கற்றுத் தேர்ந்தார். 1879 முதல் இடக்கரையில் லில் தெருவிலிருந்த கீழைமொழிகள் பள்ளியில் தமிழ் கற்பித்தார். 1903இல் பிரெஞ்சு மாணவர்களுக்கெனத் தமிழ்மொழிக் கையேடு ஒன்றை வெளியிட்டார். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பின் பகுதிகளைப் பிரெஞ்சு வாசகர்க்கு அறிமுகப்படுத்தியவர்களுள் அவரும் ஒருவர். அப்பள்ளியின் வழிவந்த நிறுவனம் பதின்மூன்றாம் வட்டாரத்துக்கு இடம் மாறிய பின்னும் தமிழ் கற்பித்து வருகிறது. லில் தெருவின் பழைய கட்டடத்தின் முன் நின்றபோது, எங்கள் ஊர்த் தெருவில் ஒரு சிறுவன் கேட்டுப் பழகிய தமிழ் இவ்வளவு தொலைவு வந்து ஒரு வகுப்பறையாக நிலைத்ததே என்று எண்ணி மகிழ்ந்தேன்.

மற்றொருவர் டாக்டர் முஹம்மது ஹமீதுல்லாஹ். 1908இல் ஹைதராபாதில் பிறந்தவர். பான் நகரிலும் பாரிசிலும் ஆய்வுப் பட்டங்கள் பெற்றவர். 1948க்குப் பின் நாடு திரும்பாமல் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் பாரிசிலேயே வாழ்ந்தார். லக்சம்பர்க் பூங்காவை அடுத்த தூர்னோன் தெருவின் மாடி வீடு ஒன்றில் மிக எளிய வாழ்க்கை, திருமணம் செய்துகொள்ளவில்லை, நூல்களே சுற்றம். 1959இல் திருக்குர்ஆனின் பிரெஞ்சு மொழிபெயர்ப்பையும், அதே ஆண்டில் பெருமானாரின் வரலாற்றைப் பிரெஞ்சு மொழியில் இரு தொகுதிகளாகவும் வெளியிட்டார். தொடக்கக் கால நபிமொழித் தொகுப்புகளுள் ஒன்றான ஹம்மாம் இப்னு முனப்பிஹ் அவர்களின் ஏட்டைக் கண்டறிந்து பதிப்பித்தவரும் அவரே. தென்னிந்தியத் தக்காணத்திலிருந்து சென்ற ஓர் அறிஞர், பெரும்பதவியோ பெருஞ்செல்வமோ இன்றி, ஒரு சிறு வீட்டையும் நகரின் நூலகங்களையும் மட்டும் துணையாகக் கொண்டு இத்துணைப் பணி செய்தார் என்பதை நம் மாணவர் அறிய வேண்டும்.

நூலகம் என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. சோர்போனுக்கு அருகில் பந்தேயோன் மண்டபத்தின் எதிரே சேன்த் ஜெனவியேவ் நூலகம் இருக்கிறது. 1838 முதலே அந்நூலகம் மாலை ஆறு மணியிலிருந்து இரவு பத்து மணி வரை திறந்து வைக்கப்பட்டது. அறையில் விளக்குக்கும் விறகுக்கும் வழியற்ற மாணவர் அங்கே வந்து படித்தனர். 1851இல் திறக்கப்பட்ட புதிய கட்டடத்தை, இரும்புத் தூண்களும் வாயு விளக்குகளும் கொண்டு லாப்ரூஸ்து என்னும் கட்டடக் கலைஞர் அமைத்தார். சற்றுத் தொலைவில் 1530இல் மன்னர் முதலாம் பிரான்சுவா தோற்றுவித்த கொலேஜ் த பிரான்சு உள்ளது. அங்கு பதிவு இல்லை, கட்டணம் இல்லை, தேர்வும் இல்லை. நாட்டின் தலைசிறந்த அறிஞர் பேசுவதை எவரும் சென்று அமர்ந்து கேட்கலாம்.

இவ்வளவும் கேட்டபின், கதவு எல்லார்க்கும் திறந்தே இருந்தது என்று முடிவு கட்டுவது எளிது. உண்மை அத்துணை எளிதன்று. சேன் மிஷேல் பாலத்தின் அருகே ஒரு நினைவுப் பலகை பதிக்கப்பட்டுள்ளது. 1961 அக்டோபர் 17 அன்று, தம் மீது மட்டும் விதிக்கப்பட்ட ஊரடங்கை எதிர்த்து அமைதியாக ஊர்வலம் வந்த அல்ஜீரியர்களைப் பாரிசுக் காவலர் தாக்கினர். பலர் கொல்லப்பட்டனர், செய்ன் நதியிலும் உடல்கள் எறியப்பட்டன. அப்பலகை வைக்கப்படுவதற்கு நாற்பதாண்டுகள், அதாவது 2001 வரை, காத்திருக்க நேர்ந்தது. அக்கொலைகளை மன்னிக்க முடியாத குற்றங்கள் என்று 2021இல் பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் ஏற்றுக்கொண்டார். முதல் உலகப் போரில் பிரான்சுக்காக உயிர்நீத்த முஸ்லிம் வீரர்களின் நினைவாக 1926இல் திறக்கப்பட்ட பெரிய பள்ளிவாசலும் இதே இடக்கரையில்தான் எழுந்து நிற்கிறது. ஒரு பக்கம் நன்றியின் சின்னம், மறுபக்கம் அநீதியின் நினைவு. இரண்டையும் ஒருசேரப் பார்ப்பவரே இவ்வட்டாரத்தை முழுமையாகப் பார்த்தவர் ஆவர்.

மாமாவிடம் ஒருநாள் கேட்டேன், முப்பது ஆண்டுகள் இங்கே நடந்திருக்கிறீர்களே, இந்த நூலகங்களுக்குள் சென்றதுண்டா என்று. ஜும்ஆவுக்குப் பெரிய பள்ளிவாசலுக்குப் போவார். பணிக்கு உணவு விடுதிக்குப் போவார். பிறகு நகருக்கு வெளியே உள்ள வீட்டுக்கு வண்டி பிடிப்பார். அவ்வளவே அவர் அறிந்த இடக்கரை. “கதவு திறந்துதான் இருந்துச்சு தம்பி. பாத்திரம் கழுவுன கையோட உள்ளே போறதுக்கு எனக்குத்தான் கூச்சம்” என்றார். அந்தக் கூச்சம் அவர் ஒருவருடையதன்று. ஈழத்திலிருந்து சென்ற தமிழர் பலரும், வட ஆப்பிரிக்காவிலிருந்து வந்த உழைப்பாளர் பலரும் அந்நகரின் சமையற்கட்டுகளில் நின்று உழைத்திருக்கின்றனர். மேலே மேசையில் தத்துவம் பேசியவர்க்குக் கீழே அடுப்படியில் சோறு சமைத்தவர் யார் என்பதை இலக்கிய வரலாறுகள் எழுதுவதில்லை.

ஆயினும் மாமாவின் மகள் அந்தக் கூச்சத்தைக் கடந்தாள். பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில் மாலை வேளைகளைச் சேன்த் ஜெனவியேவ் நூலகத்தில் கழிப்பாளாம். நெரிசலான வீட்டில் கிடைக்காத மேசையும் அமைதியும் அங்கே கிடைத்தன. இரவு பத்து மணிக்கு நூலகம் மூடியதும் வாப்பா பணிபுரியும் விடுதிக்கு நடந்து வந்து காத்திருப்பாள். இருவரும் கடைசி வண்டியில் வீடு திரும்புவர். இன்று அவள் பள்ளி ஆசிரியை. நூலகம் மாலையிலேயே மூடப்பட்டிருந்தால் என் படிப்பு முடிந்திருக்காது என்று அவள் சொன்னபோது, 1838இல் யாரோ ஓர் அலுவலர் இட்ட கையெழுத்து, நூற்றைம்பது ஆண்டுகள் கடந்து ஒரு காரைக்கால் குடும்பத்துக்கு விளக்கேற்றியிருப்பதை உணர்ந்தேன்.

மூன்றாம் உண்மை வருத்தத்துக்குரியது. இடக்கரையை வளர்த்தது குறைந்த வாடகை. இன்று அதுவே அங்கு இல்லை. சேன் ஜெர்மேன் அடங்கிய ஆறாம் வட்டாரம், பாரிசில் வீட்டு விலை மிக உயர்ந்த வட்டாரங்களுள் ஒன்றாகிவிட்டது. புகழைக் கேட்டுச் செல்வர் வந்தனர். செல்வர் வந்ததும் புகழை ஈட்டித் தந்தவர்கள் வெளியேற நேர்ந்தது. சோர்போன் சதுக்கத்தில் இருந்த பல்கலைக்கழகப் பதிப்பகத்தின் புத்தகக் கடை 1999இல் மூடப்பட்டது. 1949 முதல் எழுத்தாளர்களின் சந்திப்பிடமாக இருந்த லா யூன் கடை தன் பழைய இடத்தை ஓர் ஆடம்பரப் பொருள் கடைக்கு விட்டுக்கொடுத்து இடம்பெயர்ந்து, 2015இல் மறைந்தது. தலைமுறை தலைமுறையாக மாணவர் பழைய பாடநூல் வாங்கிய சேன் மிஷேல் சதுக்கத்து ஜிபேர் ஜேன் கடைகள் 2021இல் கதவடைத்தன. பால்டுவினைப் போல் நாற்பது டாலரோடு இன்று ஒருவர் வந்திறங்கினால், அவ்வட்டாரத்தில் ஓரிரவுகூடத் தங்க இயலாது.

முற்றிலும் அழிந்துவிட்டது என்றும் சொல்வதற்கில்லை. நதியோரச் சுவரின்மேல் பச்சை நிறப் பெட்டிகளை வைத்துப் பழைய நூல் விற்கும் வணிகர் இன்றும் இருநூற்றுக்கு மேற்பட்டோர் இரு கரைகளிலும் உள்ளனர். 2024 ஒலிம்பிக் விழாவின் தொடக்க நாளில் பாதுகாப்பின் பொருட்டு அப்பெட்டிகளில் பலவற்றை அகற்ற அரசு எண்ணியபோது, வணிகரும் வாசகரும் எதிர்த்துக் குரல் எழுப்பினர். 2024 பிப்ரவரியில் அத்திட்டம் கைவிடப்பட்டது. ஒரு வல்லரசின் பெருவிழா, பழைய புத்தகப் பெட்டிகளுக்கு இடம்விட்டு ஒதுங்கியது. அப்பெட்டிகளைக் காக்கக் குரல் கொடுக்கும் மக்கள் இருக்கும் வரை நம்பிக்கைக்கும் இடமுண்டு.

இவற்றையெல்லாம் எண்ணுங்கால், அறிவு வளரும் இடத்துக்கு இன்றியமையாதவை எவை என்பது விளங்குகிறது. வறிய மாணவன் தங்குவதற்கு ஓர் இடம். அவன் படிப்பதற்கு இரவிலும் திறந்திருக்கும் நூலகம். அயலூரானையும் அயற்கருத்தையும் வரவேற்று வாதிடும் மனம். உள்ளே வரக் கூசுபவனைக் கைப்பிடித்து அழைக்கும் பரிவு. இவை நான்கும் இருந்தபோது இடக்கரை உயர்ந்தது. ஒன்று குறைந்தபோதெல்லாம் அது தாழ்ந்தது. இவற்றுள் எதற்கும் செய்ன் நதி தேவையில்லை.

நம் கல்லூரிகள் பலவற்றையும், கொடையுள்ளம் கொண்ட பெரியோர் தம் வணிகத்தின் வருவாயிலிருந்து வழங்கிய பொருளால் நிறுவினர். பதினெண்மர் கல்லூரிக்குக் கொடையளித்த ஜோசும், எளியோர்க்கு இல்லம் எடுத்த ரோபேரும் அவர்களைச் சந்தித்திருந்தால் உடன்பிறந்தாராகவே கருதியிருப்பர். ஆனால் மாலை ஐந்து மணிக்கு நூலகம் பூட்டப்படும் கல்லூரிகளும், விடுதிக் கட்டணம் கட்ட இயலாமல் நாள்தோறும் மூன்று மணி நேரம் பேருந்தில் பயணம் செய்யும் மாணவரும், நம்மிடையே உள்ளனர். இருபது ஆண்டுகளாக வகுப்பறையில் நிற்கும் நான் அறிவேன், அந்தப் பேருந்துப் பயணத்தில் கரைந்துபோன திறமைகள் எத்தனை என்று. வீட்டில் மேசை இல்லாத மாணவியரின் நிலை இன்னும் கடினமானது.

ஆகவே சமுதாயப் பெரியோர்களிடம் ஒரு வேண்டுகோள். புதிய கட்டடத்துக்குக் கொடை அளிக்கும்போது, ஏற்கெனவே உள்ள நூலகத்தில் இரவு பத்து மணி வரை விளக்கு எரிவதற்கும், அதன் பின்னர் மாணவியர் பாதுகாப்பாக வீடு சேர்வதற்கும் ஆகும் செலவையும் கருதுங்கள். கல்லில் பெயர் பொறிக்கப்படாத அறமாக அது இருக்கலாம். ஆயினும் நெடுங்காலம் நிற்கும். ஆசிரிய நண்பர்களுக்குச் சொல்வது, வாசலில் தயங்கி நிற்கும் மாணவனைப் பெயர் சொல்லி உள்ளே அழையுங்கள் என்பதே. அன்பு மாணவர்களே, நூலகத்தின் கதவு உங்களுக்காகவே திறந்திருக்கிறது. வாப்பா எந்தத் தொழில் செய்தாலும், எந்தக் குடியில் பிறந்திருந்தாலும், கூசாமல் உள்ளே செல்லுங்கள். மூடும் நேரம் வரை அமர்ந்து படியுங்கள். மூடும் நேரம் போதவில்லையென்றால், இன்னும் ஒரு மணி நேரம் வேண்டும் என்று எங்களிடம் கேளுங்கள்.